அம்மா என்னை யாரிடமெல்லாம் அனுப்பினாரோ, அவர்களுக்கு

அன்புள்ள ஊராருக்கும் உறவினர்களுக்கும் வணக்கம்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் நான்கரை ஆண்டு வகுப்புகள் முடிந்து, இப்போது ஓராண்டுப் பயிற்சியில் இருக்கிறேன். பட்டம் கைக்கு வர இன்னும் காலம் இருக்கிறது. அதற்குள் நன்றி மடல் எதற்கு என்று கேட்பீர்கள். எழுதச் சொன்னது அம்மாதான். "பட்டம் வாங்கிய பிறகு சொன்னால் அதில் உன் பெருமைதான் முன்னால் நிற்கும். இப்போதே சொல்லிவிடு சாமி" என்றார். யார் பெயரையும் போட வேண்டாம் என்றதும் அவரே. முறை சொன்னால் ஊருக்கு ஆள் தெரிந்துவிடும். வெளியாருக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வடக்கே போன அப்பா, அங்கேயே விபத்தில் இறந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. அதன்பின் அம்மா ஒற்றை ஆளாக என்னை ஆளாக்கினார் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். அம்மா அதை ஒப்புக்கொள்வதே இல்லை. தன்னால் எதைக் கற்றுத்தர முடியும், எது முடியாது என்பதில் அவருக்கு என்றைக்கும் தெளிவு இருந்தது. முடியாததற்கு யார் தகுந்தவர் என்று பார்த்து வைத்திருந்து, "போய்க் கேள், கேட்பதில் ஒரு குறைச்சலும் இல்லை" என்று அனுப்பிவிடுவார். திரும்பி வந்ததும், என்ன சொன்னார்கள் என்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொள்வார். என்னை அவர் வளர்த்த விதம் இதுதான். அப்படி அவர் அனுப்பி வைத்த பையனைத் திருப்பி அனுப்பாதவர்கள் நீங்கள்.

முதல் நன்றி அப்பாவைப் பெற்ற ஆத்தாவுக்கு. அவர் இன்று இல்லை. எங்கள் பக்கத்தில் கணவனை இழந்த பெண்களை வெள்ளைச் சேலைக்குள் தள்ளிவிடுவது நெடுநாள் வழக்கம். ஆத்தா இளம் வயதிலேயே அப்பாருவை இழந்து, அன்றிலிருந்து வெள்ளையைத் தவிர வேறு கட்டாதவர். அப்பாவின் காரியம் முடிந்ததும் அம்மாவுக்கு வெள்ளைச் சேலை கொண்டுவந்தார்கள். ஆத்தா அதைக் கையில் வாங்கித் தன் பெட்டியில் வைத்துக்கொண்டார். "இது எனக்கு ஆகும். அவள் பால் ஊற்றப் போக வேண்டும், சந்தைக்குப் போக வேண்டும், பையன் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கலர்ச் சேலையே கட்டட்டும்" என்றார். மகனைப் பறிகொடுத்த தாய், அந்தத் துக்கத்திலும் மருமகளின் நாளைய நாளை நினைத்துச் சொன்ன சொல் அது. அன்று முகம் சுளித்த மூத்த அத்தை, சில ஆண்டுகள் கழித்துத் தன் மகளின் சீருக்கு அம்மாவைத் தேடி வந்து, சீர்த்தட்டு எடுத்து முன்னால் நடக்கச் சொன்னார். அத்தைக்கும் என் நன்றி. ஒருவர் மனம் மாறுவதை அருகில் இருந்து பார்ப்பது வளரும் பையனுக்குப் பெரிய பாடம்.

வீட்டு வேலையில் ஆண், பெண் என்ற பிரிவினை எங்கள் வீட்டில் இருந்ததில்லை. அம்மா விடியுமுன் கட்டுத்தரையில் இருப்பார். சாணி அள்ளுவது, தண்ணீர் காட்டுவது, சோளத்தட்டு வெட்டிப் போடுவது எல்லாம் எனக்கும் பங்கு. என் துணியை நானே துவைத்தேன். பொழுது சாய அம்மா பால் கறந்துகொண்டிருந்தால் அடுப்படி என் பொறுப்பு. அரிசிபருப்பு சாதம் குழையாமல் எடுக்கும் பக்குவத்தைப் பக்கத்து வீட்டு அக்கா சொல்லிக்கொடுத்தார். பொட்டைப்பிள்ளையா வளர்க்கிறாய் என்று சிலர் அம்மாவைக் கேட்டபோது, "பசிக்கிறவன் ஆக்கத் தெரிந்துகொள்ளட்டும்" என்று அந்த அக்காதான் பதில் சொன்னார். அக்கா, விடுதியில் உடம்புக்கு முடியாத நண்பர்களுக்கு உங்கள் பக்குவத்தில்தான் ஆக்கிப் போட்டேன்.

பால் சொசைட்டி மாமாவுக்கு நன்றி. அம்மா எட்டாம் வகுப்போடு நின்றவர். பால் அட்டையில் எழுதும் கணக்கைச் சரிபார்க்க என்னை உங்களிடம் அனுப்பினார். நீங்கள் சந்தேகப்படுகிறார்களே என்று கோபித்துக்கொள்ளவில்லை. லாக்டோமீட்டரை எப்படிப் படிப்பது, கொழுப்புச் சத்தும் இதர சத்தும் குறைந்தால் விலை ஏன் குறைகிறது என்றெல்லாம் ஒரு சிறுவனுக்கு நிதானமாக விளக்கினீர்கள். பள்ளி திறக்கும் ஜூன் மாதங்களில் முன்பணம் கொடுத்து, பால் பணத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டதை அம்மா மறக்கவில்லை.

அடுத்து எழுதப்போகிறவரைப் பற்றி நிறைய எழுத வேண்டும். ஊரின் தென்புறக் காலனியில் இருந்து வந்து, பெரிய தோட்டத்தாரின் கொறங்காட்டில், அதாவது வேலி அடைத்த மேய்ச்சல் காட்டில், காலமெல்லாம் மாடு மேய்த்த ஐயா அவர்.

தாத்தா வயதுள்ள அவரை எங்கள் தெருப் பையன்கள் 'வாடா, போடா' என்று பேசுவார்கள். பெரியவர்கள் யாரும் அதைத் திருத்தியதில்லை. அம்மா என்னை விடவில்லை. "வாங்க, போங்க என்று பேச வராவிட்டால் அவரிடம் போகாதே. அவரிடம் போகாவிட்டால் மாட்டைப் பற்றி உனக்கு ஒன்றும் தெரியாது" என்றார். ஐயா எங்கள் வீட்டுக்கு வந்தால் திண்ணையில் உட்கார வைத்து, நாங்கள் குடிக்கும் எவர்சில்வர் டம்ளரிலேயே மோர் கொடுப்பார். பங்காளி வீட்டுப் பெரியப்பா ஒருவர் அதைக் கேள்வி கேட்டபோது, "என் வீட்டு டம்ளர், கழுவுவதும் நான்தான்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். வாதம் எதுவும் இல்லை. மறுநாளும் அதே டம்ளர்தான். சாதியைப் பற்றி எனக்கு அம்மா நடத்திய பாடம் அவ்வளவே. அது போதுமானதாக இருந்தது.

ஐயா, விடுமுறை நாட்களில் உங்கள் பின்னால் சுற்றியதை நினைத்துக்கொள்கிறேன். கிளுவை வேலியை எப்போது கழித்துவிட்டால் அடர்ந்து வளரும், கொழுக்கட்டைப் புல் மழைக்குப் பின் எப்போது மேயத் தயாராகும், கோடையில் புல் காய்ந்தபோது வெள்வேல மரத்தடியில் விழும் காய் எப்படி மாட்டைக் காப்பாற்றும் என்றெல்லாம் நடந்துகொண்டே சொன்னீர்கள். காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருந்து, ஆறு மாதத்தில் சாம்பல் நிற மயிலையாக மாறுவதை மாதாமாதம் காட்டினீர்கள். மாடு அசை போடுகிறதா, மூக்கு நுனி ஈரமாக இருக்கிறதா, சாணி எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தது நீங்கள். கொறங்காட்டின் மூன்று தூண்களும் கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், வெள்வேல மரம் என்று கல்லூரியில் மேய்ச்சல் நிலங்கள் பற்றிப் படித்தபோது, புத்தகத்தில் எனக்குப் புதிதாக இருந்தவை அவற்றின் தாவரவியல் பெயர்கள் மட்டுமே. என் முதல் ஆசிரியர் நீங்கள். இதை ஊரார் முன்னிலையில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இந்த மடலைத் தனித்தனிக் கடிதங்களாக எழுதவில்லை.

பிறகு டாக்டரம்மா. எங்கள் ஜெர்சி கலப்புப் பசு கன்று போட்ட மறுநாள் இரவு படுத்துவிட்டது. தலையை விலாப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, காது குளிர்ந்து, எழுப்பினால் எழவில்லை. பால் சுரக்கத் தொடங்கும்போது இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து சட்டென்று குறைவதால் வரும் பால் காய்ச்சல் அது என்று இன்று எனக்குத் தெரியும். அன்று எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அந்தப் பசு போனால் வீட்டு வருமானத்தில் பாதி போய்விடும். அரசு கால்நடை மருந்தகத்து டாக்டரம்மா நேரம் பார்க்காமல் வந்தார். அம்மா என்னை முன்னால் தள்ளி, "இவன் கூட நிற்கட்டுங்க, கற்றுக்கொள்வான்" என்றார். மருந்து பாட்டிலை உயர்த்திப் பிடிக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார் டாக்டரம்மா. கழுத்து நரம்பில் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்க, இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருந்தார். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்று எட்டாம் வகுப்புப் பையனுக்கு அந்த நேரத்திலும் விளக்கினார். மருந்து முடிந்து சிறிது நேரத்தில் பசு உடம்பைச் சிலிர்த்து, சாணி போட்டு, எழுந்து நின்றது. நான் என்னவாக வேண்டும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. டாக்டரம்மா, மாற்றலாகிப் போய்விட்டீர்கள். இந்த மடல் எப்படியாவது உங்கள் கண்ணில் பட வேண்டும்.

படிப்புக்கு வருகிறேன். நாமக்கல் பக்கத்துத் தனியார் பள்ளி விடுதியில் சேர்த்தால்தான் மார்க் வரும் என்று உறவில் பலர் அம்மாவை வற்புறுத்தினார்கள். அவ்வளவு பணம் எங்களிடம் இல்லை; இருந்திருந்தாலும் அம்மா அனுப்பியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில்தான் படித்தேன். பத்தாம் வகுப்பில் பள்ளி விட்ட பிறகும் எங்களை உட்கார வைத்துக் கணக்கும் அறிவியலும் நடத்திய ஆசிரியர்களுக்கு என் வணக்கம். நீங்கள் 2019-இல் வாங்க வைத்த அந்த மார்க், 2021-இல் கொரோனாவால் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தானபோது மதிப்பெண்ணில் சரிபாதியாக வந்து நின்றது. அதே ஆண்டு, அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் சட்டம் கால்நடை மருத்துவத்துக்கும் வந்தது. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றது. அந்தச் சட்டம் இல்லாவிட்டால் நான் எங்கே இருந்திருப்பேன் என்று தெரியாது. அதைக் கொண்டுவரப் பாடுபட்ட அனைவருக்கும் நன்றி. பள்ளிகள் மூடியிருந்த மாதங்களில் தன் போனைத் தினமும் என்னிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போன எதிர்வீட்டு அண்ணனுக்கும் நன்றி.

தாய்மாமனை விட்டுவிட முடியாது. பத்தாம் வகுப்பு முடிந்ததும் என்னை ரிக் வண்டிக்கு அழைத்துப்போக வந்தவர் மாமா. அக்கா கஷ்டப்படுவதைப் பார்க்கச் சகிக்காமல் வந்தார், அதில் தவறில்லை. அப்பா போன வழியிலேயே மகனும் போவதில் அம்மாவுக்குச் சம்மதமில்லை. அக்கா தம்பி உறவே முறிந்துவிடுமோ என்று பயந்தேன். மாமா ஒரு மாதம் பேசவில்லை. பிறகு கல்லூரியில் சேரும் நாளன்று அவர்தான் டிரங்குப் பெட்டி வாங்கிக்கொண்டு, வெள்ளகோவில், கரூர் வழியாக என்னோடு பஸ்ஸில் வந்து விடுதியில் விட்டுவிட்டுப் போனார்.

கல்லூரியில் எங்கள் பேராசிரியர்களுக்கும், ஈரத் தரையில் இரவெல்லாம் உடன் நின்ற வகுப்புத் தோழர்கள், தோழிகளுக்கும் நன்றி. பெண்ணிடம் வேலை கற்பது, பெண் சொல்லி வேலை செய்வது எனக்குப் புதிதல்ல என்பதால் அங்கே எனக்கு எதுவும் சிரமமாக இல்லை. இதைக் கவனித்துச் சொன்னது ஒரு தோழிதான். அம்மாவிடம் சொன்னேன், மிகவும் சந்தோஷப்பட்டார்.

பயிற்சியில் ஊர் ஊராக முகாம்களுக்குப் போகிறோம். மாட்டின் கயிற்றைப் பிடித்து நிற்பவர் பெரும்பாலும் ஆண். கேள்விக்குப் பதில் சொல்பவரும் அவரே. இரண்டு அடி பின்னால் முந்தானையை இழுத்துவிட்டபடி ஒரு பெண் நிற்பார். நேற்று எவ்வளவு தீனி எடுத்தது, எந்த மடிக்காம்பில் பால் திரிந்தது, சினைக்கு வந்து எத்தனை நாள் ஆகிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பால் கறப்பது அவர் கை. நான் முதலில் அவரைத்தான் கேட்கிறேன். நோய் இன்னதென்று பாதி அங்கேயே தெரிந்துவிடுகிறது. மேலே எழுதிய அத்தனை பேரும் சேர்ந்து எனக்குத் தந்ததை இப்படித்தான் பயன்படுத்திக்கொண்டிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரிவிக்கிறேன்.

அம்மா இரண்டு செய்திகள் சேர்க்கச் சொன்னார். பட்டிப் பொங்கலுக்கு நான் ஊரில் இருப்பேன். ஐயா உட்பட எல்லோரும் எங்கள் கட்டுத்தரைக்கு வந்து பொங்கல் சாப்பிட வேண்டும். அடுத்தது, கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டியது. முகாம் அறிவித்தால் நான்கு மாதம் தாண்டிய கன்றுகளையும் சேர்த்து ஓட்டி வாருங்கள். மாட்டுக்கு அவசரம் என்றால் 1962 என்ற கால்நடை மருத்துவ உதவி எண்ணுக்கு அழையுங்கள், கட்டணம் இல்லை.

அன்புடன்,
உங்கள் வீட்டுப் பையன்