போடிக்கு ரயிலைத் திரும்பக் கொண்டுவந்த எல்லோருக்கும் நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

2023 ஜூன் 15 இரவு போடிநாயக்கனூரிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு ரயில் கிளம்பிவிட்டது. 2010 டிசம்பர் கடைசியில் குறுகலான மீட்டர்கேஜ் பாதையில் ஓடிய ரயிலை நிறுத்தியபோது, அகலப்பாதை போட்டதும் வந்துவிடும் என்றார்கள். மதுரையிலிருந்து போடி வரை மொத்தமே 90 கிலோமீட்டர்தான். அதற்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. ஊரில் பெரியவர்கள் பலர் இனி ரயில் வராது என்றே முடிவுகட்டிவிட்டார்கள். 1928இல் வந்த பாதையைப் போர்க்காலத்தில், 1942இல், தண்டவாளத்தோடு பெயர்த்துக்கொண்டு போனதையும் ஐம்பதுகளில்தான் அது திரும்பி வந்ததையும் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். வேறு எப்படி நினைப்பார்கள்?

முதல் நன்றி அப்போது எங்கள் எம்.பி.யாக இருந்த ப. ரவீந்திரநாத் அவர்களுக்கு. மக்களவையில் இந்தப் பாதையைப் பற்றிப் பேசினார், நிதி கேட்டார். வருஷா வருஷம் பட்ஜெட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் ஒதுக்கிக்கொண்டிருந்தால் வேலை எப்படி நகரும்? 2022 மே மாதம் தேனி வரை ரயில் வந்ததே எங்களுக்குத் திருவிழாதான். ஆனால் மிச்சம் 15 கிலோமீட்டர் இருந்ததே! அதுவும் முடிந்தால்தான் போடிக்காரனுக்கு நிம்மதி. அவருக்கு முன் எம்.பி.யாக இருந்த ஆரூண், பார்த்திபன் இருவருடைய காலத்தையும் கடந்து வந்த வேலை இது. அவர்களுக்கும் நன்றி சொல்வதுதான் முறை. கட்சி பார்த்து நான் இதை எழுதவில்லை.

அடுத்து, பெயர் போடாமல் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் கவுன்சிலராக இருந்த அம்மா. அவருக்கு டெல்லியில் யாரையும் தெரியாது. கையில் மனுவும் மைப்பெட்டியுமாக ஏலக்காய்க் கடைகளில் ஏறி இறங்குவார். கையெழுத்துப் போடத் தெரியாத தோட்டத் தொழிலாளிகளிடம் பெருவிரல் ரேகை வாங்கி, அந்த விரலைத் தன் முந்தானையாலேயே துடைத்துவிடுவார். "கேட்டுக்கிட்டே இருந்தாத்தான் கொடுப்பாங்க" என்பார். வர்த்தகர்களும் போராட்டக் குழுவினரும் வெயிலில் உட்கார்ந்து உண்ணாவிரதம் இருந்தபோது அவரும் கூடவே உட்கார்ந்திருந்தார்.

அப்புறம், ஆண்டிபட்டி கணவாயில் பாறையை உடைத்தவர்கள். மீட்டர்கேஜுக்கு என்று அன்று வெட்டிய இடுக்கு அகல ரயிலுக்குப் போதாது. இரண்டு பக்கமும் மலையைச் செதுக்கி அகலப்படுத்த வேண்டியிருந்தது. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு புழுதிக்குள் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்த ஊர்க்காரர்களோ தெரியாது. அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் வராது என்பதால் இங்கே அழுத்திச் சொல்கிறேன்: உங்களுக்குக் கோடி நன்றி.

மூட்டுவலிக்காரரான என் அம்மா, சென்னையில் அக்கா வீட்டுக்குப் போவதையே விட்டிருந்தார். இரவு முழுக்கப் பஸ்ஸில் காலை மடக்கி உட்கார முடியாது. இப்போது கீழ் பெர்த்தில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போய்வந்துவிட்டார். கூட்டத்தில் யாரோ ஒரு பையன் அவரைத் தாங்கி ஏற்றிவிட்டானாம். தம்பி, உனக்கும் நன்றி.

சரி, நன்றி சொல்லும் கையோடு ஒரு வேண்டுகோளும் வைக்கிறேன். சென்னை ரயில் வாரத்தில் மூன்று நாள்தான். அதை தினசரி ஆக்க வேண்டும். இப்போதுள்ள பாசஞ்சர் காலையில் மதுரையிலிருந்து வந்து மாலையில் போடியிலிருந்து திரும்புகிறது. மதுரையில் காலேஜுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது தலைகீழ். விடியற்காலையில் போடியில் கிளம்பி, ராத்திரி திரும்புகிற மாதிரி ஒரு வண்டி விடுங்கள். இப்போதுள்ள எம்.பி. அவர்கள் இதையும் கேட்டு வாங்கித் தர வேண்டும். மனு தயாராகிக்கொண்டிருக்கிறது, கவுன்சிலர் அம்மா மறுபடியும் கிளம்பிவிட்டார்.

நன்றியுடன்,
போடிநாயக்கனூரிலிருந்து ஒரு பயணி