செப்டம்பர் குழுவை ஏற்கும் தம்பிக்கு

தம்பி,

தென் பிரான்சில் சைக்கிள் சுற்றப்போகும் செப்டம்பர் குழுவை நீயே கூட்டிப் போ. முடிவு செய்துவிட்டேன். ஏன் என்று போனில் பேசித் தீர்த்தாயிற்று, அதை இங்கே இழுக்க வேண்டாம். நம்மோடு வந்தவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள், வரப்போகிறவர்களும் படிப்பார்கள் என்பதால்தான் பொதுவில் எழுதுகிறேன். அதனாலேயே சில இடங்களில் பெயர் இருக்காது. உனக்குப் புரியும்.

வழி உனக்கு மனப்பாடம். லூபெரோன் மலைப்பக்கத்தில் எந்தத் திருப்பத்தில் நாய் துரத்தும் என்பது வரை தெரியும். ஆட்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்னையிலிருந்து வருகிறவர்கள் ஈ.சி.ஆரில் 200 கிலோமீட்டரை ஒரே நாளில் முடிக்கிறவர்கள். கால் வலுவில் குறை கிடையாது. ஏற்றத்தைக்கூடச் சமாளித்துவிடுவார்கள், இறக்கம்தான் அவர்களுக்குப் பழக்கமே இல்லாதது. நம் ஊர் சைக்கிளில் பெரும்பாலும் வலக்கைதான் முன் பிரேக். பிரான்சில் வாடகைக்குத் தரும் சைக்கிளில் இடக்கை முன் பிரேக். பதற்றத்தில் பின் பிரேக் என்று நினைத்து இடக்கையை இறுக்கினால் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஆள் ஹேண்டில்பாருக்கு மேலே போவான். வாயால் சொன்னால் தலையாட்டுவார்கள், பத்து நிமிடத்தில் மறந்துவிடுவார்கள். இடது பிரேக் பிடியில் சிவப்பு டேப் சுற்று. முதல் நாள் கலவோன் பாதையில், பழைய ரயில் தடம் என்பதால் சமதளமாக இருக்கும் இடத்தில், ஒவ்வொருவரையும் பத்து முறை நிறுத்திக் காட்டச் சொல். வெட்கப்படுவார்கள். செய்யட்டும். அப்புறம் ஜூலியன் பாலத்துக்குக் கூட்டிப் போ. கி.மு. 3-ஆம் ஆண்டுப் பாலத்தில் 2005 வரை கார் ஓடியது என்று நீ சொல்லும்போது கேட்பவர்கள் முகத்தைப் பார்க்கவே நான் பின்னால் நின்றிருக்கிறேன். நான் சொன்னால் கொட்டாவிதான்.

தண்ணீர். சென்னையில் வியர்வை சட்டையில் தெரியும், அதனால் குடிப்பார்கள். ப்ரோவான்ஸ் வெயில் உலர்ந்த வெயில். வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும், "இங்கே வியர்க்கவே இல்லையே" என்று சந்தோஷப்படுவார்கள். மாலையில் தலைவலி, தொடையில் தசைப்பிடிப்பு. மணிக்கு ஒரு பாட்டில், அதாவது 500 முதல் 750 மில்லி, உப்புக் கலந்தது. நெஸ்க் பள்ளத்தாக்கில் வில்-சுர்-ஓசோன் தாண்டினால் மோனியூ வரை கடை இல்லை, ஊர் இல்லை. ஆளுக்கு இரண்டு பாட்டில் நிரம்பியிருக்கிறதா என்று நீயே தொட்டுப் பார், கேட்காதே. கேட்டால் எல்லோரும் "இருக்கு" என்றுதான் சொல்வார்கள்.

சைவக்காரர்கள் விஷயத்தில் உனக்குப் பொறுமை போதாது. தாப்பனாட் வெறும் ஆலிவ் அரைத்தது என்று நீயே ஒருவரிடம் சொல்லியிருக்கிறாய். அதில் வழக்கமாக நெத்திலி சேர்த்து அரைப்பார்கள். ஸோ ஊர் நூகா மிட்டாயில் முட்டை வெள்ளைக்கரு உண்டு. மதியம் இரண்டு மணிக்குச் சமையலறையை மூடிவிட்டால் கெஞ்சினாலும் திறக்க மாட்டார்கள், ஆகவே ஒன்றரைக்குள் உட்கார வைத்துவிடு. லாவெண்டர் படத்தைப் பார்த்துப் பணம் கட்டியவர்களுக்கு முன்கூட்டியே எழுது: செப்டம்பரில் அறுவடை முடிந்து அடிக்கட்டைதான் நிற்கும். அதற்குப் பதில் திராட்சை அறுவடை. டிராக்டரிலிருந்து சிந்தும் சாறும் நசுங்கிய பழமும் வளைவுகளில் கிடக்கும், சக்கரம் வழுக்கும்.

கியரைப் பற்றி வாடகைக் கடைக்காரரிடம் இப்போதே பேசு. முன்னால் 34 பல், பின்னால் 34 பல் இருந்தால், நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்து மணிக்கு ஏழரை கிலோமீட்டரில் ஏறலாம். 75 கிலோ ஆள், 10 கிலோ சைக்கிள், 9 சதவீத ஏற்றம் என்றால் சுமார் 170 வாட். பின்னால் 28 பல்தான் இருக்கிறது என்றால் அதே மிதிக்கு 200-ஐத் தாண்டும். அந்த முப்பது வாட்டில்தான் முட்டி வலியும் கோபமும் வருகிறது.

இனி வான்தூ மலை. இதை எழுதாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன்.

ஸோ பக்கமிருந்து ஏறினோம். 26 கிலோமீட்டரில் முதல் இருபது, மரநிழலும் மெதுவான ஏற்றமுமாக யாரையும் ஏமாற்றிவிடும். ஷலே ரெய்னார் என்ற இடத்தில், பெதுவான் ஊரிலிருந்து வரும் சாலையோடு சேர்ந்ததும் மரங்கள் முடிந்துவிடும். மீதி ஆறு கிலோமீட்டர் வெள்ளைச் சுண்ணாம்புக்கல் மட்டும்தான், ஒதுங்க இடம் கிடையாது. அன்றைக்கு நீ வேன் கதவைத் திறந்து பிளாஸ்கைச் சாய்த்தாய். காபி கோப்பைக்குள் விழவில்லை. பக்கவாட்டில் நீண்டு போய்ச் சக்கர மூடியில் தெறித்தது. நீ சிரித்தாய், எல்லோரும் சிரித்தார்கள். நான் அந்தக் காபிக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கேயே இப்படி என்றால், உச்சிக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் கொல் தெ தம்பெத் கணவாய் வளைவில் என்ன நடக்கும்? அங்கே மிஸ்ட்ரால் காற்று வடமேற்கிலிருந்து கணவாய் வழியாகப் பாய்ந்து வந்து சைக்கிளை விலாவில் அடிக்கும். ஏறும்போது தள்ளாடினால் காலை ஊன்றலாம். அதே இடத்தில் 50 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும்போது, அதுவும் பக்கக் காற்றை வாங்கித் திரும்பும் 50 மில்லிமீட்டர் ஆழ ரிம் போட்ட முன்சக்கரத்தோடு, ஊன்றக் கால் கிடையாது. 2016 ஜூலை 14 அன்று டூர் த பிரான்ஸ்காரர்களே காற்றுக்குப் பயந்து உச்சியில் முடிய வேண்டிய பந்தயத்தை இதே ரெய்னாரில் முடித்தார்கள். உலகத்திலேயே நன்றாகச் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்களுக்கே அந்தக் கதி. நம்முடையவர்கள் நாம் ஏறியதற்கு முந்தின வாரம் சோழிங்கநல்லூரில் அலுவலகம் போய்க்கொண்டிருந்தவர்கள்.

"ஆறு கிலோமீட்டர்தானேண்ணா, சிம்ப்சன் கல்லு வரைக்குமாவது" என்றாய், பந்தய வீரர் டாம் சிம்ப்சனின் நினைவுக்கல்லைச் சொல்லி. வாடிக்கையாளர்கள் காதில் விழும்படி.

நானும் அவர்கள் காதில் விழும்படியேதான் சொன்னேன். என்ன சொன்னேன் என்று உனக்கும் எனக்கும் அங்கே நின்றவர்களுக்கும் தெரியும். வேனுக்குப் பின்னால் கூட்டிப் போய்ச் சொல்லியிருக்கலாம், அந்த வருத்தம் இருக்கிறது. சொன்ன விஷயத்தில் ஒரு சொல்லைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன். சிம்ப்சன் கல்லையே காரணமாகக் காட்டினாயே, அவர் 1967 ஜூலை 13 அன்று அந்தச் சரிவில்தானே விழுந்தார்? அவரைக் கொன்றது வெப்பமும் ஊக்கமருந்தும் மதுவும், காற்றில்லை, தெரியும். ஆனால் இன்னும் கொஞ்சம்தான் என்ற நினைப்பு அவருக்கும் இருந்திருக்கும்.

நீ இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு மேலே போனாய். அவர்கள் இதைப் படிக்கக்கூடும், அதனால் அதற்கு மேல் விவரம் வேண்டாம். மூவரும் முழுசாகத் திரும்பினீர்கள். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. ஒரு சிராய்ப்பு பட்டிருந்தால்கூட நீ யோசித்திருப்பாய். ஒன்றும் ஆகாததால் நீ சரி, நான் பயந்தாங்கொள்ளி என்று கணக்கு முடிந்துவிட்டது. "அண்ணனுக்கு வயசாயிடுச்சு" என்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் சொன்னாயாமே. வயசாகத்தான் செய்கிறது. அதற்கும் காற்றுக்கும் சம்பந்தம் இல்லை.

அந்த ராத்திரியே எல்லாச் சைக்கிளின் பிரேக் பேடையும் கழற்றிப் பார்த்து, தேய்ந்த நான்கை நீதான் மாற்றி வைத்தாய். கூடத்துக்கு வந்தபோது உன் கை முழுக்கக் கறுப்பு. நான் நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், தாமதமானால் என்ன.

ஆகவே வான்தூ நாளுக்கு விதி எழுதி வைத்திருக்கிறேன், இதில் மட்டும் எனக்குக் கீழ்ப்படி. முந்தின நாள் மாலையே உச்சியின் காற்று முன்னறிவிப்பைப் பார், கீழே ஊரில் அடிக்கும் காற்றைப் பார்க்காதே. திடீர் வீச்சு மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டும் என்றிருந்தால், ரெய்னார்தான் இன்றைக்கு எல்லை என்று சாப்பாட்டின்போதே எல்லோரிடமும் சொல்லிவிடு. காலையில் பாதி ஏறியபிறகு சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், நீயே கேட்கவில்லையே. ஆழ ரிம் வேண்டவே வேண்டாம், வாடகைக் கடையிலேயே மறுத்துவிடு. கீழே 30 டிகிரி என்றால் மேலே 20 கூட இருக்காது, காற்றோடு இறங்கும்போது இன்னும் குளிரும், விரல் மரத்தால் பிரேக் பிடிக்க வராது. காற்றுத்தடுப்புச் சட்டையும் முழுவிரல் கையுறையும் வேனில் ஏற்று. இறக்கத்தில் பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வருகிறவனைக் கவனி. வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, பிறகு முழுசாக விட வேண்டும். தொடர்ந்து தேய்த்தால் டிஸ்க் சூடேறி, பிடி தளர்ந்து, கடைசியில் வேண்டும்போது நிற்காது.

கருவிப் பெட்டியைப் பார்த்தேன். பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் ஒன்றுகூட இல்லை. சைக்கிள் சும்மா சாய்ந்து விழுந்தாலே வளைவது அதுதான், மாடலுக்கு மாடல் வேறு, ஸோவில் தேடினால் கிடைக்காது. வாடகைச் சைக்கிளின் மாடலைக் கேட்டு இரண்டு வாங்கு. செயின் இணைப்பு பாக்கெட்டைக் காலி பண்ணி அப்படியே போட்டுவிட்டுப் போனது நீதான், எனக்குத் தெரியும். 11 வேகச் செயினுக்கு நான்கு, 12 வேகச் செயினுக்கு நான்கு வாங்கி வைத்திருக்கிறேன். வேனில் கிளட்ச் கொஞ்சம் தாமதமாகப் பிடிக்கிறது, ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போது கைப்பிரேக்கைப் போட்டு எடு.

அண்ணன்