முரளிக்கு, பல் கேப் விஷயமாக

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று வாசித்துக் காட்டியதும் உமாவுக்கு அத்தனை சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம்.

கடவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை முடிந்து, பீங்கான் கேப் போடச் சொல்கிறார்கள், அச்செடுக்காமல் கேமராவில் ஸ்கேன் செய்து செய்வது எத்தனை வருஷம் தாங்கும் என்று கேட்டிருந்தாய். எனக்கும் போன ஆவணியில்தான் போட்டார்கள். அதனால் நிறைய விசாரித்து வைத்திருக்கிறேன்.

இது நேற்று வந்த முறை இல்லை. வெர்னர் மோர்மான் என்ற பல் மருத்துவரும் மார்க்கோ பிராண்டெஸ்டினி என்ற பொறியாளரும் ஜூரிச் பல்கலைக்கழகத்தில் 1985-லேயே இப்படிச் செய்துவிட்டார்கள். வாய்க்குள் கேமராவால் படம் பிடித்து, நோயாளி நாற்காலியில் இருக்கும்போதே பீங்கான் கட்டியைக் கடைந்து பல்லில் ஒட்டினார்கள். செரெக் என்று பெயர். அந்த முதல் இயந்திரத்தில் செய்தவற்றை சுவிட்சர்லாந்தில் ஒரு பல் மருத்துவர் 27 ஆண்டுகள் வரை தொடர்ந்து பார்த்து, 2017-இல் முடிவை எழுதினார். ஏறக்குறைய 87 சதவீதம் தாக்குப்பிடித்திருந்தன. ஆனால் அவை முழு கேப் இல்லை, பல்லின் ஒரு பகுதியை மட்டும் நிரப்பும் துண்டுகள். கெட்டுப்போனவற்றில் பாதிக்கு மேல் பீங்கான் உடைந்தவை. இப்போது கேப் செய்யும் லித்தியம் டைசிலிகேட் என்ற பீங்கான் அந்தக் காலத்துப் பீங்கானைவிட இரண்டு மடங்குக்கு மேல் வலுவானது. சிர்கோனியா என்ற இன்னொரு வகை அதற்கும் மேல்.

அதனால் உடைவதைப் பற்றி எனக்கு அவ்வளவு பயம் இல்லை. பயமெல்லாம் கேப்பும் பல்லும் சேரும் விளிம்பில்தான். என் பழைய உலோக கேப் நினைவிருக்கிறதா? ஒன்பது வருஷம் கழித்துக் கழற்றியபோது கேப் அப்படியே இருந்தது, உள்ளே பல்தான் கறுத்து மெத்தென்று ஆகியிருந்தது. பின்பக்கம் ஈறோரம் மயிரிழை இடைவெளி. நரம்பு எடுத்த பல் ஆயிற்றே, சொத்தை பிடித்தது வலித்துத் தெரியவே இல்லை.

இந்த முறை டாக்டரம்மா ஸ்கேன் செய்ததைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். பல்லைச் சுற்றி விளிம்பு கோடு போட்டதுபோல் ஓடியது, ஓரிடத்தில் மட்டும் ஈறிலிருந்து ரத்தம் கசிந்து மங்கலாக இருந்தது. கேமராவுக்குத் தெரிவதைத்தானே அது எடுக்கும். ஈறுக்குள் மெல்லிய நூலை வைத்து, காத்திருந்து, அந்த இடத்தை மறுபடி எடுத்தார். அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே அவருக்குக் கையெடுத்துக் கும்பிடலாம். அப்புறம் கடைந்து வந்த கேப்பைப் பார்த்தேன், கத்தரிப்பூ நிறம்! 840 டிகிரி சூளையில் வைத்து எடுத்ததும் அசல் பல் நிறத்துக்கு வந்துவிட்டது.

நீயும் ஸ்கேனைப் பெரிதாக்கிக் காட்டச் சொல், கூச்சப்படாதே. ராத்திரியில் பல்லை நறநறவென்று கடிப்பாயே, ஹாஸ்டலில் எனக்குத் தூக்கமே போகும், அதையும் மறக்காமல் சொல். நைட் கார்டு, அதான் ராத்திரி பல்லுக்கு மேல் மாட்டும் உறை, கொடுத்தால் வாங்கிப் போட்டுக்கொள். கேப்பின் ஈறோரத்தில் தினமும் நூல் விட்டுச் சுத்தம் செய். வலி இல்லை என்று வருஷாந்திரப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதே, நான் பட்டது போதும்.

ஸ்கேன் எடுத்த அன்றைக்கு ராத்திரியே போன் பண்ணு. காத்திருப்பேன்.

உன்,
சேது