லேத்தில் டேப்பர் விழுந்தால் டெயில்ஸ்டாக்கைக் குறை சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

காட்பாடி, ராணிப்பேட்டை லேத் (கடைசல் இயந்திரம்) பட்டறைகளில், கடைந்த ஷாஃப்ட் ஒரு முனையில் தடித்தால் (இதுதான் டேப்பர்) உடனே, ஷாஃப்டின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கின் திருகைத் திருப்புகிறார்கள். அது கடைசி வேலை. முதலில் பார்க்க வேண்டியது, எல்லாவற்றையும் தாங்கும் நீண்ட அடிப்பகுதியான பெட்டின் முறுக்கு.

கொத்தனார் ரசமட்டம் இதற்கு உதவாது, மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் மட்டம் வேண்டும். வெட்டும் கருவியைச் சுமந்து பெட்டின் மேல் நகர்வது கேரேஜ்; அதன் மேல் குறுக்கே நகர்வது கிராஸ் ஸ்லைடு. மட்டத்தை கிராஸ் ஸ்லைடில் குறுக்கே வைத்து, கேரேஜை சக் (கம்பியைப் பிடித்துச் சுழற்றும் பகுதி) பக்கமும் டெயில்ஸ்டாக் பக்கமும் நகர்த்திப் பாருங்கள். குமிழி நடுவில் நிற்பது முக்கியமல்ல, இரண்டு இடத்திலும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும்.

அடுத்து, 40 மி.மீ. கம்பியை சக்கில் மட்டும் பிடித்து, 150 மி.மீ. வெளியே நீட்டி, நடுப்பகுதியைக் கடைந்து மெலிதாக்கி, நீட்டிய பகுதியின் இரு முனையிலும் தடித்த வளையம்போல் விடுங்கள். இடையில் கிராஸ் ஸ்லைடைத் தொடாமல் இரண்டு வளையத்திலும் 0.1 மி.மீ. ஆழ வெட்டு ஓட்டி, விட்டத்தை மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். ஆழமாக வெட்டினால் கம்பியே வளைந்து பொய்க் கணக்கு காட்டும். வெளிமுனை தடித்திருந்தால், டெயில்ஸ்டாக் பக்கத்து முன்காலை (ஆபரேட்டர் நிற்கும் பக்கம்) மெல்லிய ஷிம் (தகட்டுத் துண்டு) வைத்து உயர்த்துங்கள்; மெலிந்திருந்தால் இறக்குங்கள். ஒவ்வொரு முறையும் காலின் போல்ட்டை இறுக்கிய பிறகே மறுபடி அளக்க வேண்டும். இறுக்கும்போதே பெட் முறுக்கிக்கொள்வதுண்டு.

இதன் பிறகே டெயில்ஸ்டாக். இரு முனைக்கும் விட்டத்தில் 0.04 மி.மீ. வித்தியாசம் என்றால் டெயில்ஸ்டாக்கை நகர்த்த வேண்டியது அதில் பாதி, 0.02 மி.மீ. மட்டுமே. பலர் முழுதாக நகர்த்திவிட்டு எதிர்ப்பக்கம் டேப்பர் வாங்குகிறார்கள்.

தகரக் கொட்டகையில் வெயில் பெட்டின் ஒரு பக்கம் அடிக்கும் நேரத்தில் இதைச் செய்ய வேண்டாம். மெஷினை அரை மணி ஓடவிட்டு, காலையிலேயே பாருங்கள்.

– வாசகர், ராணிப்பேட்டை