இணையவழி வேலைக்கும் நேர வரம்பு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தில், வீட்டிலிருந்தபடியே இணையத்தின் வழியாகப் பணம் ஈட்டும் வழிகளைப் பற்றிய குறிப்புகள் தொடர்ந்து வெளிவருகின்றன. நலவாழ்வுப் பக்கத்தில் கண் எரிச்சல், கழுத்து வலி, தூக்கமின்மை, இளம் வயதிலேயே ஏறிவிடும் இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு மருத்துவர்கள் அறிவுரை கூறுகிறார்கள். அரசியல் பக்கங்களில் யார் யாரோடு கூட்டணி சேர்வார்கள், யார் யாரைச் சாடினார்கள் என்பதே பெரும்பாலும் செய்தியாகிறது. இந்த மூன்றையும் விடாமல் படித்துவருகிறேன். வேலைவாய்ப்புப் பக்கம் அழைக்கிற அதே மனிதர்தான் சில ஆண்டுகள் கழித்து நலவாழ்வுப் பக்கத்துக்குக் கேள்வி எழுதி அனுப்புகிறார் என்பதையும், அவருடைய வேலை நேரத்துக்கு வரம்பு விதிக்கக் கூடியவர்கள் அரசியல் பக்கத்தில்தான் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்த கட்டுரை எதுவும் இதுவரை என் கண்ணில் படவில்லை. அதனால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இணையத்தில் சம்பாதிக்கலாம் என்று கேட்டதும் பலருடைய மனத்தில் புகழ்பெற்ற காணொளித் தயாரிப்பாளர் ஒருவரின் முகம்தான் தோன்றும். நான் அறிந்த இணைய வேலை வேறு வகையானது. நானும் என்னைப் போன்ற பலரும் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்குகிறோம். செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி அளிப்பதற்காகப் படங்களில் உள்ள பொருள்களைக் குறியிட்டுக் கொடுக்கிறோம். திரையில் ஒரு சாலையின் படம் வரும். அதில் உள்ள ஒவ்வொரு வாகனத்தையும், ஒவ்வொரு மனிதரையும், ஒரு தூணுக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்கும் மிதிவண்டியையும் ஓரம் பிசகாமல் கட்டமிட வேண்டும். திரையின் மூலையில் மீதமுள்ள நேரம் நொடி நொடியாகக் குறைந்துகொண்டே வரும். அது தீர்வதற்குள் அனுப்பாவிட்டால் படம் வேறொருவருக்குப் போய்விடும். அதுவரை செய்த வேலைக்குக் காசு கிடையாது. அனுப்பிய பிறகும் தரம் போதவில்லை என்ற ஒற்றை வரியோடு அது திரும்பி வரலாம். எந்தக் கட்டத்தில் என்ன தவறு என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அந்தப் பக்கத்தில் ஆள் இருப்பதில்லை. ஒலிப்பதிவு வேலையில் பதிவின் நீளத்தைக் கொண்டுதான் கூலி கணக்கிடப்படுகிறது. ஒரு மணி நேர உரையாடலை எழுத்தாக்க, நல்ல தேர்ச்சி உள்ளவருக்கே ஏறத்தாழ நான்கு மணி நேரம் பிடிக்கும். இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசினாலோ பின்னணியில் இரைச்சல் இருந்தாலோ அது இன்னும் நீளும். வேலையைப் பிரித்துத் தரும் இணையத்தளத்தின் கணக்கில் மட்டும் அது எப்போதும் ஒரு மணி நேரம்தான்.

வேலை செய்யும் நேரத்தைவிட மனிதரை அதிகம் வாட்டுவது காத்திருக்கும் நேரம். நல்ல கூலி உள்ள பணி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வந்த சில நொடிகளில் யாராவது எடுத்துவிடுவார்கள். ஆகவே சாப்பிடும்போதும் ஒரு கை திரையைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். படுக்கும்போது அறிவிப்பு ஒலியை அணைக்க மனம் வராது. பணி தருபவர் பூமியின் மறுபக்கத்தில் இருந்தால் அவருடைய பகல்தான் நம்முடைய வேலை நேரம். இந்த விழிப்பும் காத்திருப்பும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. காணொளித் தயாரிப்பாளர்களின் நிலையும் இதிலிருந்து அதிகம் வேறுபட்டதில்லை. யூடியூபில் விளம்பர வருவாயில் பங்கு பெற வேண்டுமானால் 1000 சந்தாதாரர்களும், 12 மாதங்களுக்குள் 4000 மணி நேரப் பார்வையும் அல்லது 90 நாள்களுக்குள் குறுங்காணொளிகளுக்கு ஒரு கோடிப் பார்வைகளும் இருக்க வேண்டும். பார்ப்பவர் செலவிட்ட நேரம் இவ்வளவு துல்லியமாக எண்ணப்படுகிறது. தயாரித்தவர் செலவிட்ட நேரத்தை எண்ணுவதற்கு எந்த ஏற்பாடும் இல்லை.

முன்பணம் கட்டினால் வேலை தருவதாகச் சொல்லி ஏமாற்றும் கும்பல்களைப் பற்றித் தாங்கள் அடிக்கடி எச்சரித்துவருகிறீர்கள். அது மிகவும் தேவையான பணி. நான் பேசுவது, சொன்ன கூலியைச் சொன்னபடி தருகிற முறையான தளங்களைப் பற்றி.

இனி உடல்நலத்துக்கு வருகிறேன். இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை இருபது அடி தொலைவில் உள்ள ஒன்றை இருபது நொடிகள் பாருங்கள், மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி செய்யுங்கள் என்று நலவாழ்வுப் பக்கம் சொல்வதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை. திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைகிறது, அதனால் கண் உலர்கிறது என்பது உண்மை. ஆனால் திரையின் மூலையில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது எழுந்து நடக்கச் சொல்லும் அறிவுரை, கூலியைக் கைவிடச் சொல்லும் அறிவுரையாகவே அந்தத் தொழிலாளியின் காதில் விழுகிறது. அவர் எழவில்லை, நோய் வருகிறது, பிறகு அவருக்கு ஒழுக்கம் போதாது என்று நாமும் சொல்கிறோம், அவரும் நம்பிவிடுகிறார்.

உடல்நலத்தில் மனிதரின் ஒழுங்குக்கு எவ்வளவு பங்கு, அவர் செய்யும் வேலைக்கு எவ்வளவு பங்கு என்ற கேள்வி புதியதன்று. லண்டன் நகரின் ஈரடுக்குப் பேருந்துகளில் பணிபுரிந்தவர்களை ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் தம் குழுவினரோடு ஆராய்ந்து, 1953இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் முடிவுகளை வெளியிட்டார். நாள் முழுவதும் உட்கார்ந்தே வண்டி ஓட்டியவர்களைவிட, மாடிப்படிகளில் ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே வந்தது. ஓட்டுநர்களுக்கு வழங்கப்பட்ட சீருடைகளின் அளவுகளைக் கொண்டு, அவர்கள் பொதுவாக இடுப்பு பருத்தவர்கள் என்பதையும் மாரிஸே பின்னர் கண்டறிந்தார். இருந்தும், ஒல்லியானவர்களை ஒல்லியானவர்களோடும் பருமனானவர்களைப் பருமனானவர்களோடும் ஒப்பிட்டபோதும் நடத்துநர்களின் நிலையே மேலாக இருந்தது. நடத்துநர்கள் படியேறியது உடற்பயிற்சி என்று நினைத்து அல்ல. அவர்களுடைய வேலையே அப்படி அமைந்திருந்தது. என் வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை: வேலையை அமைத்தவர், அதைச் செய்பவரின் இதயத்தையும் சேர்த்தே அமைக்கிறார்.

வேலை நேரத்தின் நீளம் பற்றியும் சான்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் இணைந்து 2021 மே மாதம் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் 35 விழுக்காடும், இதய இரத்தக்குழாய் நோயால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடும் கூடுதலாக இருக்கின்றன. 2016ஆம் ஆண்டில் மட்டும் நீண்ட வேலை நேரத்தின் விளைவாக உலகில் 7,45,000 பேர் இவ்விரு நோய்களால் இறந்தார்கள் என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது. உடலின் இயல்பான நாள்சுழற்சியைக் குலைக்கும் இரவுப் பணியை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க மிகுந்த வாய்ப்புள்ளவை என்று கருதப்படுபவற்றின் வரிசையில் (2ஏ பிரிவு) பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் சேர்த்தது. 2019இலும் அதை உறுதிசெய்தது. தொழிற்சாலையில் வாரம் 55 மணி நேரம் உழைத்தவருக்கு வருகைப் பதிவேடாவது சாட்சி சொல்லும். வீட்டின் மூலையில் மடிக்கணினியோடு இரவெல்லாம் உட்கார்ந்திருப்பவருக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை. எண்ணப்படாத நேரத்துக்கு எந்தச் சட்டமும் வரம்பு விதிக்க முடியாது.

எட்டு மணி நேர வேலை என்பது நலவாழ்வு அறிவுரையாக உலகுக்கு வந்ததில்லை. 1886 மே மாதம் சிகாகோவில் தொழிலாளர்கள் அதற்காகத் தெருவில் இறங்கினார்கள். 1919இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு தன்னுடைய முதல் ஒப்பந்தத்திலேயே தொழில்துறைக்கு நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பை எழுதிவைத்தது. அந்த வரம்பு அரசியலால் கிடைத்தது. இன்றைய அரசியலோ இணையவழி வேலையைப் பயிற்சி முகாம் என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறது. இத்தனை இளைஞர்களுக்குத் திறன் பயிற்சி தந்தோம் என்று ஆட்சியில் இருப்பவர்கள் பட்டியலிடுகிறார்கள். இன்னும் அதிகம் தருவோம் என்று எதிர்க்கட்சியினர் வாக்குறுதி அளிக்கிறார்கள். பயிற்சி பெற்றவர் பிறகு எத்தனை மணி நேரம் உழைத்து எவ்வளவு ஈட்டினார் என்று இரு தரப்பும் கேட்பதில்லை. அதற்குக் காரணமும் புரிகிறது. ஆலை வாயிலில் நின்றால் ஆயிரம் தொழிலாளர்களிடம் வாக்குக் கேட்கலாம். எங்களுக்கு வாயில் கிடையாது. பக்கத்து வீட்டில் அதே தளத்தில் அதே வேலையைச் செய்பவர் யார் என்றே எங்களுக்குத் தெரியாது. சங்கமாகச் சேராத கூட்டத்தை எந்தக் கட்சியும் தேடி வருவதில்லை.

விரும்பித்தானே செய்கிறார்கள், வேண்டாமென்றால் கணினியை அணைத்துவிடலாமே என்பது வழக்கமாக வரும் பதில். கைக்குழந்தையை வைத்திருப்பவர்கள், முதியோரைப் பார்த்துக்கொள்பவர்கள், வெளியே சென்று வேலை பார்க்க இயலாத மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு இந்த வேலை பெரிய வரம் என்பதை முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அதை முடக்கும் சட்டத்தை நானும் எதிர்ப்பேன். ஆனால் ஒரு பணியை மறுத்ததற்காக ஒருவருடைய மதிப்பெண் இறங்குமானால், இரண்டு நாள் ஓய்வெடுத்தவருக்கு, பணிகளைப் பிரித்துக் கொடுக்கும் கணினி நிரலான அல்காரிதம் நல்ல பணிகளைக் காட்டாமல் விடுமானால், அணைக்கும் சுதந்திரம் பெயரளவில்தான் இருக்கிறது. எல்லை தாண்டிய நிறுவனங்களை உள்நாட்டுச் சட்டம் எட்டாது என்ற மறுப்பையும் கேட்டிருக்கிறேன். வெளிநாட்டு டிஜிட்டல் நிறுவனங்களிடமிருந்து வரி வசூலிக்கப் பல நாட்டு அரசுகள் வழி கண்டுவிட்டன. வரித்துறையின் கை நீளும் தொலைவுக்குத் தொழிலாளர் துறையின் கை நீளாது என்பதை நான் ஏற்க மாட்டேன்.

செய்ய முடியும் என்பதற்கு முன்மாதிரிகளும் உள்ளன. வாடகைக் கார் செயலியான ஊபரின் ஓட்டுநர்கள் தொடுத்த வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் வழங்கிய தீர்ப்பு, பயணி வண்டியில் இருக்கும் நேரத்தை மட்டுமன்றி, செயலியில் நுழைந்து பயணத்தை ஏற்கத் தயாராகக் காத்திருக்கும் நேரத்தையும் வேலை நேரமாகவே கொண்டது. காத்திருப்பும் வேலைதான் என்ற இந்த ஒரு கருத்து, நான் மேலே சொன்ன திரைக்கு முன்னான காத்திருப்புக்கும் பொருந்தினால் எங்கள் வாழ்க்கை வெகுவாக மாறும். செயலி, இணையத்தளம் ஆகியவற்றின் வழியாகக் கிடைக்கும் வேலைக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய தளப் பணி நெறிமுறை, ஒருவருடைய கணக்கை முடக்கும் முடிவை இயந்திரத்திடம் விட்டுவிடக் கூடாது, மனிதர்தான் எடுக்க வேண்டும் என்கிறது. இந்தியாவின் 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு தளத் தொழிலாளர் என்ற பிரிவை வரையறுத்து, நிறுவனங்கள் தம் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காட்டை அவர்களின் நலனுக்காகச் செலுத்த வழிசெய்தது. வேலை நேரத்தைப் பற்றி அவர்களுக்கு அது வரம்பு எதையும் கூறவில்லை. 2025 ஜூன் மாதம் ஜெனீவாவில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு, தளப் பணிக்கான விதிகளை வெறும் பரிந்துரையாக விடாமல், நாடுகளைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமாகவும் கொண்டுவருவதென முடிவெடுத்தது. அத்தகைய ஒப்பந்தம் எங்கள் வாழ்க்கைக்கு வந்து சேர ஒவ்வொரு நாட்டின் அரசும் அதை ஏற்று உறுதிசெய்ய வேண்டும். உள்ளூர் வாக்காளர் கேட்காமல் அது நடக்காது.

தங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. தேர்தல் நேரத்தில் வேட்பாளர்களைப் பேட்டி காணும் தங்கள் செய்தியாளர்கள், இணையவழித் தொழிலாளரின் காத்திருப்பு நேரத்தை வேலை நேரமாகப் பதிவுசெய்யத் தளங்களைக் கட்டாயப்படுத்துவீர்களா, காரணம் கூறாமல் கணக்கை முடக்குவதைத் தடுப்பீர்களா என்று கேட்டு, அவர்கள் தரும் பதிலைப் பெயரோடு வெளியிட வேண்டும். அதுபோல், வேலைவாய்ப்புப் பக்கத்தில் இணைய வருமானத்துக்கு ஒரு வழியைப் பரிந்துரைக்கும்போதெல்லாம், மாதம் இவ்வளவு ஈட்டலாம் என்ற தொகையை மட்டும் கொடுக்காமல், அந்தத் தொகையை ஈட்டியவர் பணி தேடிக் காத்திருந்த நேரம், நிராகரிக்கப்பட்ட வேலைக்குச் செலவிட்ட நேரம், இரவில் விழித்திருந்த நேரம் எல்லாவற்றையும் சேர்த்து மணிக்கு எவ்வளவு கிடைத்தது என்பதை அந்த வேலையைச் செய்பவரிடமே கேட்டு, தொகைக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
இணையவழித் தொழிலாளியான ஒரு வாசகர்