முதல் செவிப்புலன் கருவி வாங்குமுன்

ஆசிரியருக்கு வணக்கம்.

“சத்தம் கேக்குது, என்ன சொல்றீங்கன்னுதான் புரியல” என்று 72 வயது அம்மா ஓராண்டாகச் சொன்னார். நாங்கள்தான் கவனக்குறைவு என்று நினைத்துவிட்டோம், இன்றும் அது உறுத்துகிறது. வயதாகும்போது பெரும்பாலும் கூர்மையான ஒலிகள்தான் முதலில் மங்கும், அதனால் குரல் கேட்டாலும் ச, த, ப எல்லாம் நழுவிவிடும்.

முதலில் போன கடையில் காதுக்குள் மறையும் குட்டிக் கருவியையே காட்டினார்கள். பார்க்க அழகுதான். ஆனால் மிளகைவிடச் சற்றே பெரிய அந்த பேட்டரி அம்மாவின் விரல்களில் நிற்கவே இல்லை, மேசையில் உருண்டு உருண்டு ஓடியது. அப்புறம், காதுக்குப் பின்னால் மாட்டி இரவில் சார்ஜ் போடும் வகையை எடுத்தோம்.

கடையின் அமைதியான அறையில் போட்டுப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், சில நாள் வீட்டுக்குக் கொண்டுபோகத் தருவார்களா என்று கேட்டு, இரைச்சல் மிகுந்த தேக்கா ஈரச்சந்தைக்குள் அதைப் போட்டுக்கொண்டு ஒரு நடை போய்வாருங்கள். முதல் சில வாரங்கள் தட்டு கழுவும் சத்தம்கூட எரிச்சலூட்டும், அதற்காகக் கழற்றி வைத்துவிடக் கூடாது. நம் ஊர் ஈரப்பதத்துக்கு, கருவியை உலர்த்தி வைக்கும் டப்பாவும் வேண்டும்.

60 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு, குடும்ப வருமானத்தைப் பொறுத்து 90 விழுக்காடு வரை அரசாங்க மானியம் உண்டு. பணம் கட்டுவதற்கு முன்பே மருத்துவமனையில் கேளுங்கள்.

ஒரு வாசகி,
ஈசூன்