அசனத்தில் இரண்டு பந்தி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேவ அழைத்தல் ஞாயிறு என்றால் எங்கள் கடற்கரைக் கத்தோலிக்கக் கோயில்களில் வழக்கமாக நடப்பது இதுதான்: குருமடத்துக்கும் கன்னியர் மடத்துக்கும் பிள்ளைகளை அனுப்புங்கள் என்று ஒரு பிரசங்கம், அதற்காக ஒரு மன்றாட்டு, அத்தோடு சரி. அழைத்தல் என்பது அங்கி போடுகிறவர்கள் சமாச்சாரம் என்று மற்றவர்கள் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறோம். பாஸ்கா காலத்தின் நான்காம் ஞாயிறான அந்த நாள் பெரும்பாலும் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் வரும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், ஊரே கரையில் இருக்கும். அன்றைக்கு, கோயில் திருவிழாவில் ஊருக்கே போடும் சாப்பாடான அசனத்தைப் பற்றிப் பேசினால் என்ன?

இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மாற்கு நற்செய்தி இரண்டாம் அதிகாரத்தைப் பாருங்கள். சுங்கச்சாவடியில் உட்கார்ந்திருந்த லேவியிடம் இயேசு "என்னைப் பின்பற்றி வா" என்கிறார், அவர் எழுந்து போகிறார். அதற்கு அடுத்ததே லேவியின் வீட்டுச் சாப்பாடு. அங்கே உலை வைத்தது லேவி, இயேசு விருந்தாளி. கூடவே ஊர் ஒதுக்கி வைத்த வரிதண்டுகிறவர்கள் ஒரு கூட்டம். மறைநூல் அறிஞர்களுக்கு வந்த கோபமும் இவர்களுக்கு ஏன் சாப்பாடு போடுகிறார் என்பதல்ல, இவர்களோடு உட்கார்ந்து ஏன் சாப்பிடுகிறார் என்பதுதான். சோறு மட்டும் போட்டிருந்தால் தர்மவான் என்று பாராட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

பேதுருவின் கதை நம் ஆட்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும். யோவான் 21. ராத்திரி முழுக்க வலை போட்டும் ஒன்றும் படவில்லை, விடியும்போது கரையில் நிற்பவர் சொன்ன பக்கம் போட்டதும் 153 பெரிய மீன். கரைக்கு வந்து பார்த்தால் அங்கே கரி நெருப்பில் ஏற்கனவே மீன் வெந்துகொண்டிருக்கிறது, அப்பமும் இருக்கிறது. அப்படியிருந்தும் "நீங்கள் இப்போது பிடித்ததிலும் கொஞ்சம் கொண்டு வாருங்கள்" என்கிறார். அவரிடம் இல்லாமலா கேட்டார்? அவர்கள் பாடுபட்டுக் கொண்டுவந்ததும் அந்தச் சாப்பாட்டில் சேர வேண்டும் என்றுதான் கேட்டிருப்பார் என்பது என் எண்ணம். இதே பேதுரு மூன்று முறை மறுதலித்ததும் ஒரு கரி நெருப்புப் பக்கத்தில்தான், ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, முதலில் சாப்பிட வாருங்கள் என்கிறார். "என் ஆடுகளை மேய்" என்ற பொறுப்பெல்லாம் சாப்பிட்டு முடித்த பிறகுதான் வருகிறது.

சரி, நம் அசனத்துக்கு வருவோம். ஊர்ப் பெயர் வேண்டாம், பல ஊர்களில் இதே கதைதான். உபயதாரர்களுக்கும் பெரிய படகு முதலாளிகளுக்கும் வெளியூரிலிருந்து வந்த முக்கியஸ்தர்களுக்கும் தனிப் பந்தலில் மேசை, மின்விசிறி, வாழை இலை, கறியும் தாராளம். அவர்கள் படகில் கூலிக்குப் போகிறவர்களுக்கு வெளியே வெயிலில் வரிசை, கையில் காகிதத் தட்டு. காலையிலிருந்து வெங்காயம் உரித்து அண்டா கழுவிய பெண்கள், அவர்களில் பாதிப் பேர் வருஷமெல்லாம் பாசி எடுக்கவும் கருவாடு காய வைக்கவும் போகிறவர்கள், கடைசியில் அடிச்சட்டியில் மிஞ்சிய குழம்பைச் சாப்பிடுகிறார்கள். சோறு போடுவதில் நம் மாவட்டம் யாருக்கும் சளைத்ததல்ல, தர்கா கந்தூரி ஆகட்டும், கோயில் அன்னதானம் ஆகட்டும், வந்தவரைப் பசியோடு அனுப்ப மாட்டோம். யார் யாரோடு உட்காருவது என்று வரும்போதுதான் கை நடுங்குகிறது.

பணம் கொடுத்தவர்களுக்கு மரியாதை வேண்டாமா என்று கமிட்டிக்காரர்கள் கேட்பார்கள். வேண்டும்தான். அவர்கள் பெயரை மைக்கில் இருபது தடவை வாசியுங்கள், பொன்னாடை போடுங்கள், சாப்பிடும்போது மட்டும் எல்லோரோடும் உட்கார வையுங்கள். கொரிந்து சபையிலும் இதே தகராறுதான், வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள், இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள், இப்படிக் கூடிச் சாப்பிடுவது ஆண்டவரின் திருவிருந்தே அல்ல என்று பவுல் முகத்துக்கு நேராக எழுதிவிட்டார். பேதுருவே அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு பந்தியில் இருந்தவர், யூத விசுவாசிகள் சிலர் வந்ததும் அவர்களுக்குப் பயந்து விலகிக்கொண்டார் என்று கலாத்தியர் இரண்டாம் அதிகாரம் சொல்கிறது, அங்கேயும் பவுல் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அழைத்தல் பெற்றவர் என்பதற்காக யாரும் அவரைச் சும்மா விடவில்லை.

தொலைவில் போக வேண்டாம், 1693-இல் ஓரியூரில் தலை வெட்டுண்ட மறைசாட்சி புனித அருளானந்தரை (ஜான் டி பிரிட்டோ) எடுத்துக்கொள்ளுங்கள். போர்ச்சுகலில் பெரிய இடத்துப் பிள்ளை. இங்கே பண்டாரசாமி என்ற துறவிக் கோலத்தை ஏற்றதே, ஒதுக்கப்பட்ட சாதியாரும் தன்னிடம் தயங்காமல் வந்துபோக வேண்டும் என்பதால்தான். ஓரியூர் செம்மண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொள்கிற நாம், ஊருக்குத் திரும்பியதும் இரண்டு பந்தல் போடுகிறோம்.

பங்குப் பேரவைகளுக்கு ஒரு யோசனை. வருகிற அசனத்தில் சமைத்த பெண்களை முதல் பந்தியில் உட்கார வையுங்கள், பரிமாறுவதைக் கமிட்டிக்காரர்களும் படகு முதலாளிகளும் செய்யட்டும். குருமட மாணவர்கள் விடுமுறைக்கு வந்திருந்தால் அவர்கள் கையிலும் ஒரு குழம்பு வாளியைக் கொடுங்கள். அப்புறம் உங்கள் நிருபர்களுக்கும் ஒரு வேண்டுகோள், கொடியேற்றம், தேர்ப்பவனிப் படங்களோடு திரும்பிவிடாமல், பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்பதையும் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தங்கச்சிமடம்